கேட் விழுந்தால் சிரிக்கிறவர்

புதுச்சேரியில் ரயில்வே கேட் விழுந்தால் சந்தோஷப்படுகிற மனிதர் ஒரே ஒருவர்தான். மற்ற ஜனம் மொத்தமும் கேட்கீப்பரைத் திட்டும், ரயிலைத் திட்டும், முன்னால் நிற்கிற லாரியைத் திட்டும். திட்ட ஆள் தீர்ந்துவிட்டால் பின்னால் உட்கார்ந்திருக்கிற பெண்டாட்டியைத் திட்டும். அவர் மட்டும் "ஆகா, விழுந்துடுச்சுய்யா!" என்று ஸ்டியரிங்கில் தாளம் போடுவார். தூரத்தில் மணிச்சத்தம் கேட்டதும், தாண்டிப் போக நேரம் இருந்தாலும் வேகத்தைக் குறைத்து, கேட் பதவிசாக விழுந்து முடிகிற வரைக்கும் காத்திருந்து, முதல் வண்டியாகப் போய் நிற்பார். கல்யாண வீட்டில் முதல் பந்தியில் இடம் பிடித்தவனின் முகம் அப்போது அவருக்கு இருக்கும்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஷேர் டெம்போ ஓட்டுகிறார். எங்கள் முதலியார்பேட்டையில் ஏறினால் பெரிய மார்க்கெட் ஓரமாகப் போய்ப் பெரிய ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் விடுவார். ரூட்டில் யாரைக் கேட்டாலும் "கலரு வண்டியா? இப்பதான் போச்சு" என்பார்கள். ரூட்டில் அவருக்கு வைத்த பெயர் கலர். உடனே நீங்கள் வேறு மாதிரி நினைத்துவிடக் கூடாது. பஸ் ஸ்டாண்டில் நின்று கலர் பார்க்கிற வயசும் அவருக்கு இல்லை, அந்தப் புத்தியும் இல்லை. அவர் பார்த்தது நிஜக் கலர். சுவரில், வானத்தில், கொடியில் காயும் துணியில், எவனோ கடித்துப் போட்ட மாங்கொட்டையில்.

கேட் விழுந்ததும் என்ஜினை அணைப்பார். பின்பக்கம் திரும்பிக் கம்பி வழியாக முகத்தை நீட்டுவார். எதிரெதிர் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருக்கிற எங்களை ஒவ்வொருவராகப் பார்த்து, "ம்... சொல்லுங்க. இன்னிக்கு இன்னா பாத்தீங்க?" என்று கேட்பார். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லக் கூடாது. வெறுமனே பச்சை, சிவப்பு என்றும் சொல்லக் கூடாது. "பச்சன்னா? பச்சையில எந்தப் பச்ச? ஊர்ல இருக்கிற மாடெல்லாம் ஒரே மாடா?" என்று சண்டைக்கு வருவார்.

ஒன்றும் பார்க்கவில்லை என்று சொன்னால் அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். "பாக்காதவங்களுக்கு நாளைக்கு ஓர சீட்டு." வண்டியின் பின்வாசல் பக்கம், இரண்டு பெஞ்சுக்கும் இரண்டு ஓர சீட்டு உண்டு. காற்று வரும், ரோடு முழுக்கத் தெரியும். அங்கே உட்கார்ந்தாவது பார்க்கட்டுமே என்பது அவருடைய நியாயம்.

இந்தச் சட்டத்தில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்தவர், ஏதோ ஓர் அரசாங்க ஆபீசில் வேலை பார்த்த, நாங்கள் ஆபீசர் சார் என்று கூப்பிட்ட மனிதர். அவர் தினமும் கண்ணை அகல விரித்து, "அப்பா, நான் ஒண்ணுமே பாக்கலப்பா" என்பார். ஓர சீட்டு ஒன்று அவருக்குப் பட்டா ஆகிவிட்டது. மீன் கூடையோடு மார்க்கெட்டுக்குப் போகிற அஞ்சலை அக்காவுக்கு இது வயிற்றெரிச்சல்.

"யோவ் கலரு, கண்ணு தொறந்து பாக்கறவ நானு, நடுவுல நசுங்கறதும் நானு. கண்ண மூடிக்கிட்டு வர்றவருக்குக் காத்தோட்டமா? இன்னாய்யா உன் நாயம்?"

"அக்கா, நீ நசுங்கினாலும் பாத்துடுவ. அவரு பாவம்."

"பாவமா? அந்தாளு தூங்கறாருய்யா!"

ஒரு தடவை மார்க்கெட் பக்கத்தில் சிக்னலைத் தாண்டிப் போய்விட்டார் கலர். போலீஸ்காரர் ஓடிவந்து வண்டியை மறித்தார். நம் ஊர் போலீஸ் தொப்பிதான் உங்களுக்குத் தெரியுமே, நல்ல சிவப்பு.

"செவப்பு லைட்டு எரியுது, கண்ணு தெரியலயா?"

"சத்தியமா தெரியல சார். ஒங்க தொப்பியப் பாத்துக்கிட்டு வந்துட்டேன். வெய்யில் பட்டு அப்பிடியே கொடுக்காப்புளி வெடிச்ச மாரி இருந்துச்சு. அத விட்டுட்டு அந்த லைட்ட எவன் சார் பாப்பான்?"

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி ஒரு நிமிஷம் அதையே பார்த்தார். திரும்பப் போட்டுக்கொண்டு, "போய்த் தொலை" என்றார். அவர் தன் தொப்பியைப் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவையாக இருக்கும்.

இந்த வண்டியில்தான் என் மனைவி செல்வியை ஏற்றிக்கொண்டு போனேன்.

அவளுக்குத் தொண்டையில் கட்டி. கேன்சர் என்று சொல்லிவிட்டார்கள். தினமும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரேடியேஷன், எங்கள் பாஷையில் கரண்டு, வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தவிர ஒரு நாள் விடக் கூடாது. "நடுவுல நிறுத்திட்டா வெச்சதெல்லாம் வீணுங்க, அதுக்கப்புறம் எங்க கையில இல்ல" என்று டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அந்த வார்த்தையைச் சட்டைப் பையில் கல் மாதிரி போட்டுக்கொண்டு அலைந்தேன். செல்வியோ முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, வண்டியின் தரைத் தகட்டைப் பார்த்தபடியே வருவாள்.

முதல் நாள் கேட் விழுந்தது. கலர் திரும்பினார். கேள்வி சுற்றிக்கொண்டு செல்வியிடம் வந்தது.

நான் முந்திக்கொண்டு, "அவங்களுக்கு ஒடம்பு சரியில்லைங்க, விட்டுடுங்க" என்றேன்.

"ஒடம்புக்குத்தான சார்? கண்ணுக்கு இன்னா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இறங்கி வேறு வண்டி பிடிக்கலாமா என்று பார்த்தேன். கேட் அடைத்துக் கிடந்தது. அதற்குள் செல்வி, "ஒண்ணும் பாக்கல" என்று மெதுவாகச் சொன்னாள்.

"அப்ப நாளைக்குத் தங்கச்சிக்கு ஓர சீட்டு."

மறுநாள் ஓர சீட்டில் உட்கார்ந்தாள். தலை குனிந்தே இருந்தாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டில் கேள்வி வந்ததும், முந்தானையை எடுத்துவிட்டுச் சொன்னாள்: "மாடியில ஒரு பொடவ காஞ்சுது. மஞ்சள்."

"மஞ்சள்ல?"

யோசித்தாள். "பருப்பு ரெண்டு விசிலு சேத்து விட்டுட்டா ஒரு மஞ்சள் வருமே, கொழகொழன்னு. அது."

அஞ்சலை அக்காதான் முதலில் வாய் திறந்தாள். "ஆமாண்டி! நானும் அந்தப் பொடவயப் பாத்தேன். எனக்கு இது தோணல பாரு!" கலர் ஸ்டியரிங்கில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். ஹாரன் அலறியது. முன்னால் நின்ற சைக்கிள்காரர் திரும்பி அவருடைய பரம்பரையை விசாரித்தார்.

அதற்குப் பிறகு செல்வியைப் பிடிக்க முடியவில்லை. "அப்பளம் எண்ணெயில விழுந்ததும் பொங்குமே, அந்த வெள்ளை." "சுட்ட கத்திரிக்காய்த் தோலு மாரி ஒரு கருப்பு, அந்தத் தாத்தா கொடை." "வஞ்சிரம் வறுக்கும்போது ஓரத்துல மட்டும் சிவக்குமே, அப்பிடி ஒரு செவுரு." இந்தக் கடைசிக்கு அஞ்சலை அக்கா கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டாள்.

எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது, அவள் சொன்னது எல்லாமே சாப்பாடு. அப்போது அவளுக்குக் கஞ்சித் தண்ணீர் தவிர ஒன்றும் இறங்கவில்லை. நாக்கில் ருசி செத்துப்போயிருந்தது. சோற்றைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அப்படிப்பட்டவள் முதலியார்பேட்டையிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் ரோடு முழுக்கச் சமைத்து, பரிமாறி, கண்ணாலேயே சாப்பிட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்.

நான் அந்த வண்டியில் கடைசி பெஞ்ச் மாணவன். செருப்புக் கடையில் வேலை பார்ப்பவன். விடிந்தால் அடைந்தால் மற்றவர்கள் பாதத்தைப் பார்த்தே பழகிய கண், மேலே ஏறாது. என் முறை வந்தால், "ஒரு செருப்பு... செவப்பு வாரு" என்பேன்.

"மச்சான், கடைய வீட்ல வெச்சுட்டு வாங்க" என்பார் கலர். செல்வியைத் தங்கச்சி என்று கூப்பிட்டதால் நான் மச்சானாகியிருந்தேன். முதல் தடவை அப்படிச் சொன்னபோது செல்வி சிரித்தாள். கட்டி என்று தெரிந்த பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஒரு நாள் கலரையே கேட்டுவிட்டாள். "அண்ணே, எல்லாக் கலரும் பாக்கறீங்க. நீங்க போட்டிருக்கிற காக்கியப் பாத்தீங்களா? மூடி வெக்காம ஆறிப்போயி, மேல ஆடை கட்டுன டீ மாரி இருக்குது. எனக்குப் புடிக்கல."

கலர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். "எனக்கு மட்டும் புடிக்குதா தங்கச்சி? இது கலரே இல்ல. கலருக்கு வந்த காய்ச்சல். இன்னா செய்யறது, போடலன்னா ஃபைன் போடறானுவோ."

ஓர சீட்டு விஷயத்தில் சட்டம் திருத்தப்பட்டது. தினமும் இத்தனை பார்க்கிறவளுக்கு ஓர சீட்டு தரக் கூடாதுதான். "நல்லாப் பாக்கறவங்களுக்கும் ஒண்ணு குடுக்கணும்ல" என்று கலர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அஞ்சலை அக்கா, "அப்ப சுமாராப் பாக்கறவ நானு காலத்துக்கும் நடுவுலயே கெடந்து கருவாடாவுறேன்" என்றாள். கடலுக்குப் போன வலையாவது காலியாகத் திரும்பும், அஞ்சலை அக்கா வாய் ஒருநாளும் காலியாகத் திரும்பாது.

கரண்டு வைக்க வைக்கத் தொண்டை வெந்துபோனது. எச்சில் விழுங்கினாலே கண்ணில் தண்ணீர் வரும். ஒரு காலையில் செல்வி பாயை விட்டு எழுந்திருக்கவில்லை.

"நான் வரலங்க. போதும். விட்டுடுங்க."

கெஞ்சினேன், திட்டினேன், டாக்டரம்மா சொன்னதை முழுசாக எடுத்துப் போட்டேன். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நான் ரோட்டுக்குப் போய், வந்து நின்ற டெம்போவைப் பார்த்துக் கையை ஆட்டினேன். "இனிமே அவ வரலியாம். நீங்க போங்க."

கலர் கியரைப் போட்டார். வண்டி நகர்ந்தது. அவ்வளவுதான் மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

செருப்பைக் கழற்றியிருக்க மாட்டேன், தெருவில் பெரிய இரைச்சல். எங்கள் தெருவில் ஒரு மாடும் ஒரு மனிதனும் எதிரெதிரே வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். அந்தத் தெருவுக்குள் டெம்போவை விட்டிருந்தார் கலர். பக்கத்து வீட்டுக் கோலம் போச்சு, எதிர் வீட்டுத் தொட்டிச் செடி சாய்ந்தது, ஒரு நாய் எங்கள் வீட்டுக்குள்ளேயே ஓடிவந்துவிட்டது. வண்டி நிறைய ஆள். உள்ளேயிருந்து அஞ்சலை அக்கா குரல்.

"ஏண்டி செல்வி! வெளிய வாடி! இந்த ஆபீசரு பட்டப்பகல்ல பொய் சொல்றாருடி!"

"யாரும்மா பொய் சொல்றது? என் கண்ணால பாத்தேன்!" இது ஆபீசர் சார்.

"கண்ணா? ஒனக்கு ஏதுய்யா கண்ணு?"

விஷயம் இதுதான். கேட்டுக்கு மேலே போகிற கரண்டுக் கம்பியில் நீலமாக ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருந்ததை நேற்றுப் பார்த்ததாக ஆபீசர் சார் சொல்கிறார். ஆத்திலும் கடலிலும் பிழைக்கிற தனக்குத் தெரியாத மீன்கொத்தியா, அது கம்பியில் மாட்டிய பிளாஸ்டிக் கவர் என்கிறாள் அஞ்சலை அக்கா.

கலர் இறங்கி வாசலில் நின்று, உள்ளே பார்க்காமல் பொதுவாகச் சொன்னார்: "வண்டியில ரெண்டு கட்சி ஆயிடுச்சு மச்சான். நான் சொன்னா ஒருத்தரும் கேக்க மாட்டேங்கறாங்க. தங்கச்சி சொன்னா ஒத்துக்கிறோங்கறாங்க. கேட்டு வரைக்கும் வந்து, ஒரு பார்வ பாத்து, தீர்ப்பச் சொல்லிட்டு எறங்கிக்கட்டும். நானே திருப்பிக் கொண்டாந்து விட்டுடறேன்."

நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓர சீட்டுக்காகவே இத்தனை காலம் ஒன்றும் பார்க்காத மனிதர் ஆபீசர் சார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக, ஒன்றைப் பார்த்ததாக ஊரறியக் கத்திக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துச் செல்வி எழுந்து வந்தாள். தலையைக்கூட வாரவில்லை. ஓர சீட்டில் உட்கார்ந்தாள். நானும் ஏறிக்கொண்டேன். வண்டி பின்னாலேயே ஊர்ந்து தெருவை விட்டு வெளியே போனது. கேட் விழுந்திருந்தது, கலர் நிறுத்தினார். செல்வி தலையை வெளியே நீட்டிக் கம்பியை ரொம்ப நேரம் பார்த்தாள். நீலமாக ஏதோ படபடத்துக்கொண்டிருந்தது.

வெந்த தொண்டையோடு சொன்னாள்: "கவருதான்."

அஞ்சலை அக்கா கைதட்ட ஆரம்பிப்பதற்குள், "ஆனா நல்ல கவரு" என்றாள்.

"பாத்தீங்களா! நல்ல கவருன்னு ஒத்துக்கிட்டாங்கல்ல!" என்று ஆபீசர் சார் குதித்தார். அந்தக் கூச்சலில் கேட் திறந்ததையும், கலர் திரும்பாமல் நேராக ஆஸ்பத்திரிக்கு விட்டதையும் செல்வி கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் இறங்கிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாள்கூட விடவில்லை. வைத்தியத்தை முழுசாக முடித்தாள்.

முடிந்த நாளன்று கலர் செய்த வேலை வேறு. சாயந்திரம் திரும்பி வருகையில் முதலியார்பேட்டையில் நிறுத்தவே இல்லை. "ஏய், எங்கய்யா போற?" என்று அஞ்சலை அக்கா கத்த, ஆபீசர் சார் விசிலடிக்க, வண்டி நேராக நோணாங்குப்பம் ஆற்றங்கரையில் போய் நின்றது. படகுகள் டூரிஸ்டுகளை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. நாங்கள் கரையில் சும்மா உட்கார்ந்தோம். வெயில் இறங்கித் தண்ணீர் முழுக்கப் பரவியிருந்தது. கலர் கேட்கவில்லை. செல்வியாகவே சொன்னாள்.

"பாகு கம்பிப் பதத்துக்கு வந்துடுச்சு. இப்ப எறக்கிடணும். விட்டா முறுகிடும்."

அந்த வருஷம் முழுவதும் நன்றாக இருந்தாள். இரண்டு இட்லி சாப்பிடுகிற அளவுக்கு வந்தாள். பிறகு அது திரும்பி வந்தது. இந்தத் தடவை டாக்டரம்மா என்னைத் தனியாகக்கூடக் கூப்பிடவில்லை. கண்ணாலேயே சொல்லிவிட்டார். கடைசி நாட்களில் செல்விக்குப் பேச்சு இல்லை. ஜன்னல் பக்கம் பாயைப் போடச் சொல்லிக் கை காட்டுவாள், அவ்வளவுதான்.

அவள் போன அன்றைக்கு எங்கள் வீட்டு வாசலில் ஒரு கலாட்டா நடந்தது. எல்லோரும் வெள்ளையும் பழுப்புமாக உட்கார்ந்திருக்கிறார்கள். கலர் வருகிறார். உடம்பில் காக்கி இல்லை. பழுத்த பப்பாளிக் கலரில் பளபளவென்று ஒரு புதுச் சட்டை. மடிப்புக்கூடக் கலையவில்லை. கடையிலிருந்து நேராக வந்திருக்கிறார்.

செல்வியின் பெரியப்பா எகிறிவிட்டார். "எழவு ஊட்டுக்கு வர்ற சட்டையாய்யா இது? மனுசனா நீயி?"

கலர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "அவங்களுக்குக் காக்கி புடிக்காதுங்க" என்றார்.

பெரியப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அதுவரை அடக்கிவைத்திருந்தது அப்போதுதான் என்னிடமிருந்து கிளம்பியது. அந்தச் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். புதுத்துணிக் கஞ்சி வாசனை அடித்தது.

காரியமெல்லாம் முடிந்து, கடைக்குப் போவதற்காக மறுபடியும் அந்த வண்டியில் ஏறினேன். அவளுடைய ஓர சீட்டு காலியாக இருந்தது. வண்டி நிறைந்து, ஆட்கள் படியில் நின்றார்கள். அதில் யாரும் உட்காரவில்லை. கேட் விழுந்தது. கலர் என்ஜினை அணைத்தார். திரும்ப மாட்டார் என்று நினைத்தேன். திரும்பினார். வழக்கம்போல ஒவ்வொருவராகக் கேட்டார். குரலில் மட்டும் தாளம் இல்லை. அஞ்சலை அக்கா ஏதோ சொன்னாள். ஆபீசர் சார் தலை குனிந்துகொண்டார்.

"மச்சான். நீங்க இன்னா பாத்தீங்க?"

"ஒண்ணும் பாக்கல" என்றேன். அது சத்தியம். செருப்பைக்கூடப் பார்க்கவில்லை.

கலர் கம்பியைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். ரயில் வந்து, தடதடவென்று போய் முடிந்தது.

"அப்ப நாளைக்கு ஓர சீட்டு ஒங்களுக்கு" என்றார். கையை நீட்டி எந்தப் பக்கத்து ஓர சீட்டு என்று காட்டினார்.

மறுநாள் அங்கே உட்கார்ந்தேன். பின்வாசலில் ரோடு எங்களை விட்டுவிட்டுப் பின்னால் ஓடியது. கடந்துபோன வீடு, கடந்துபோன மரம், கடந்துபோன ஆள் எல்லாம் கொஞ்ச நேரம் கண்ணில் நின்றுவிட்டுத்தான் மறைந்தது. இத்தனை நாள் இதையா பார்த்துக்கொண்டு வந்தாய் செல்வி என்று கேட்டுக்கொண்டேன்.

இப்போது நான் நிறையவே பார்க்கிறேன். நேற்று ஒரு வீட்டுக் கதவுக்குப் புது பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். கொத்தமல்லித் துவையலில் தேங்காய் கூடிப்போனால் வருமே, அந்தப் பச்சை. இன்றைக்கு ஒரு குழந்தையின் ரிப்பன், பீட்ரூட் பொரியல் வைத்த தட்டைக் கழுவுகிறபோது போகிற தண்ணீர் மாதிரி. எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்து நிற்கும். கேட் விழும். கலர் திரும்புவார்.

"மச்சான், நீங்க?"

"ஒண்ணும் பாக்கலப்பா" என்பேன்.

நான் சொல்வது பொய் என்று அவருக்குத் தெரியும். எதிர் ஓரத்திலிருந்து ஆபீசர் சார் என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டுவார். இந்தக் கலையில் அவர் எனக்கு முன்னோடி. நடுவில் நசுங்குகிற அஞ்சலை அக்காகூட இதற்கு மட்டும் வாய் திறப்பதில்லை.

"இன்னா மச்சான் நீங்க, தேறவே மாட்டீங்க போல. சரி, நாளைக்கும் அங்கியே குந்துங்க" என்று சொல்லிவிட்டு, கலர் சட்டென்று முன்பக்கம் திரும்பிக்கொள்வார். காக்கிச் சட்டையின் காலருக்குள் பப்பாளிக் கலர் கொஞ்சமாய் எட்டிப்பார்க்கும்.

கேட்டைத் தூக்க ஆரம்பிப்பார்கள். சுற்றிலும் எல்லா வண்டியும் உறுமும். இன்னும் கொஞ்சம் மெதுவாகத் தூக்கினால்தான் என்ன என்று எனக்கு இருக்கும்.